இல்லத்திலிருந்தே எழுத்துப்பணி: வாய்ப்பும் காலக்கெடுவும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மகளிர், இளைஞர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இல்லத்திலிருந்தபடியே இணையத்தின் வழியாக எழுதிப் பொருளீட்டுவது எவ்வாறு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் எனப் பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள். நான் பெயர் பெற்ற எழுத்தாளர் அல்லேன். எந்த நூலின் அட்டையிலும் என் பெயர் இல்லை. பள்ளி ஆசிரியையாக இருந்தேன். என் மாமனார் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தபோது அவரை உடனிருந்து பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வேலையை விட்டேன். ஊதியம் நின்றது, செலவு நிற்கவில்லை. அப்போது கைக்கொண்டதுதான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் இப்பகுதிநேரப் பணி. ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு இன்று இதிலிருந்தே போகிறது. ஆகவே, கற்றறிந்தவளாக அன்றி, இடறி விழுந்து எழுந்தவளாகவே உங்கள்முன் நிற்கிறேன்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளதை அறிவீர்கள். அரசர்க்குச் சொன்ன அந்த மூன்றும் எழுதிப் பிழைப்போர்க்கும் பொருந்துவனவே. வரிசையை மட்டும் சற்றே மாற்றி, முதலில் வலி, அடுத்து இடம், இறுதியில் காலம் எனப் பேசுகிறேன். காலத்தை இறுதியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நான் பெரிதும் தவறியது அங்கேதான்.

முதலாவது, வலியறிதல். "எனக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியும், எதை வேண்டுமானாலும் எழுதித் தருவேன்" என்று அறிவிப்பவரை எவரும் தேடி வருவதில்லை. எதையும் எழுதுவோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். "பன்னிரண்டு ஆண்டுகள் அறிவியல் கற்பித்த ஆசிரியை, பள்ளிப் பாடப்பொருளைத் தமிழாக்கித் தருவேன்" என்பவரைத் தேடுவோர் சிலரே ஆயினும் அவர்கள் உண்மையாகவே தேடுகிறார்கள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் எதை அறிந்தவர்களோ அதிலிருந்து தொடங்குங்கள். நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் குடும்பத்துப் பிள்ளைக்கு வேளாண்மைச் சொற்கள் வாயிலேயே இருக்கும். கணக்கர் அலுவலகத்தில் பணிபுரிந்தவருக்கு வரிச் சொற்கள் தெரியும். செவிலியர் படிப்புப் படித்தவருக்கு மருத்துவக் குறிப்பின் பொருள் புரியும். நகரத்து மொழிபெயர்ப்பாளர் அகராதியில் தேடும் சொல் உங்கள் வீட்டுத் திண்ணையில் புழங்கக்கூடும். அதுவே உங்கள் முதலீடு.

அடுத்து, மாதிரிகள் வேண்டும். "முன்பு செய்த பணியைக் காட்டுங்கள்" என்பார்கள். பணி கிடைத்தால்தானே காட்ட முடியும் என்று மலைக்க வேண்டா. 2015ஆம் ஆண்டு பிரதம் புக்ஸ் நிறுவனம் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் குழந்தைக் கதைகளை எவரும் மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்த்தவர் பெயரும் கதையோடு வெளியாகும். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதலாம். தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களின் பக்கங்களை மெய்ப்புப் பார்க்கலாம். இவற்றிற்கு ஊதியம் இல்லை. ஆயினும் ஊதியம் பெறுவதற்கான சான்று இங்கே உருவாகிறது. பிறர் திருத்துவதைக் கண்டு கற்கும் பயிற்சியும் கிடைக்கிறது. நல்ல மாதிரிகள் மூன்று போதும், முப்பது வேண்டா.

தட்டச்சும் வலியைச் சேர்ந்ததே. 1999ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சில வாரங்கள் விரல் தடுமாறும். பிறகு எண்ணத்தின் வேகத்திற்கு ஈடுகொடுக்கும். எழுத்துகள் யூனிகோடு முறையில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதி அனுப்பினால், வாங்குபவரின் கணினியில் அது பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அதன்பின் அவர் உங்களுக்கு மறுமொழி எழுதமாட்டார்.

வலியில் இன்னொன்றும் உண்டு. அதை எவரும் சொல்லித் தருவதில்லை. ஒரு மணி நேரத்தில் உங்களால் எத்தனை சொற்களைச் செம்மையாக முடிக்க முடியும் என்பதை அறிந்திருக்கிறீர்களா? ஒரு குறிப்பேட்டில் பத்து நாள்கள் எழுதிப் பாருங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், சொற்களின் எண்ணிக்கை, எவ்வகைப் பொருள் என்ற நான்கு பத்திகள் போதும். நான் மணிக்கு 500 சொற்கள் முடிப்பதாக எண்ணியிருந்தேன். ஏடு 250 என்று காட்டியது. என் துன்பத்திற்கெல்லாம் வேர் அந்த இரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடுதான் என்பது பின்னரே விளங்கிற்று.

இரண்டாவது, இடனறிதல். அப்வொர்க், ஃபைவர், ஃப்ரீலான்சர் ஆகியவை எல்லாவகைப் பணிக்குமான பொதுச் சந்தைகள். ப்ரோஸ் என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கே உரிய களம். லிங்க்டுஇன் தளத்தில் பதிப்பகங்களும் கல்வி நிறுவனங்களும் நேரடியாகவே அறிவிப்பு வெளியிடுகின்றன. மாணவர்களுக்கு இன்டர்ன்ஷாலா ஏற்றது. இவற்றில் ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் முறையாகப் பதிவு செய்து, அன்றாடம் அரைமணி நேரம் பாருங்கள். பத்து இடங்களில் பதிந்து பத்தையும் மறப்பதில் பயனில்லை.

விண்ணப்பம் சுருக்கமாக இருக்கட்டும். அறிவிப்பை முழுதும் படித்தமைக்கு அடையாளமாக அதிலிருந்து ஒரு குறிப்பு, அப்பொருளில் உங்களுக்குள்ள அறிவு, பொருத்தமான ஒரு மாதிரி, எத்தனை நாளில் முடிப்பீர்கள், என்ன ஊதியம். இவ்வளவே போதும். குடும்பத்தின் வறுமையை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். இரக்கத்தால் ஒருமுறை பணி கிடைக்கலாம். இரண்டாம் முறை தரத்தால் மட்டுமே கிடைக்கும். முதற்பணி கிடைக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அந்நான்கு மாதங்களை நான் தோல்வி என்றே எண்ணி அழுதேன். அது தோல்வியன்று, தொழில் கற்ற காலம் என்று இன்று சொல்வேன்.

அந்நாள்களில்தான் ஒரு மோசடியிலும் வீழ்ந்தேன். "பக்கத்திற்கு இவ்வளவு ரூபாய், வீட்டிலிருந்தே தட்டச்சுப்பணி, பதிவுக் கட்டணம் 3,000 ரூபாய்" என்றது ஒரு விளம்பரம். கட்டினேன். பணியும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. வெட்கத்தால் வீட்டில் எவரிடமும் கூறவில்லை. இன்று பலர்முன் கூறக் காரணம், இங்கே அமர்ந்திருக்கும் ஒருவரேனும் அதே விளம்பரத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கக்கூடும் என்பதே. நினைவில் கொள்ளுங்கள்: வேலை தருபவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் பணம் கேட்கமாட்டார். இன்னொரு வகை மோசடியும் உண்டு. முதலில் இணையவழி ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, பிறகு "உங்கள் தட்டச்சில் பிழை மிகுந்துள்ளது, இழப்பீடு செலுத்துங்கள், இல்லையேல் வழக்கு" என்று வழக்கறிஞர் பெயரில் மிரட்டும் கடிதம் அனுப்புவார்கள். அஞ்சிப் பணம் அனுப்பாதீர்கள். இணையவழிப் பணமோசடிக்கு 1930 என்ற எண்ணை உடனே அழைத்து முறையிடலாம். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

மாதிரித்தேர்வு என்ற பெயரில் ஊதியமின்றி வேலை வாங்குவோரும் உண்டு. இருநூறு, முந்நூறு சொற்களில் தேர்வு வைப்பது முறையே. ஒரு நூலின் முழு அத்தியாயத்தைத் தேர்வாகக் கேட்டால், "இதற்கு ஊதியம் உண்டா?" எனப் பணிவாகக் கேளுங்கள். நேர்மையானவர் அக்கேள்விக்குச் சினங்கொள்ளமாட்டார்.

ஊதியக் கணக்கையும் வெளிப்படையாகப் பேசுவோம். 3,000 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரை. சொல்லுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். என் வேகத்தில் மொழிபெயர்க்க 12 மணி, திருத்த 3 மணி, வடிவமைத்து அனுப்ப ஒரு மணி, ஆக 16 மணி நேரம். கையில் வருவது 3,000 ரூபாயானால் மணிக்கு 187 ரூபாய்க்குச் சற்று மேல். ஃபைவர் தளம் எழுதுபவரின் ஊதியத்திலிருந்து 20 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும். அவ்வழியே வந்த பணியாயின் 2,400 ரூபாய் எஞ்சும்; மணிக்கு 150. இக்கணக்கைப் போட்டுப் பார்த்த பின்பே ஊதியத்தை ஏற்பதா மறுப்பதா என முடிவு செய்யுங்கள். சொல்லுக்கு இவ்வளவு என்பது வாங்குபவரின் கணக்கு. மணிக்கு இவ்வளவு என்பதே நம் கணக்கு.

பணியை ஏற்குமுன் ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, ஒரு மின்னஞ்சல் போதும். சொற்களின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் நாள், ஊதியம், அது வரும் நாள், எத்தனைமுறை திருத்தித் தர வேண்டும் என்பன அதில் இருக்கட்டும். பதிப்புரிமையையும் கேட்டறியுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக அல்லாமல் தனித்து எழுதுபவரே பொதுவாகப் படைப்பின் முதல் உரிமையாளர். அவ்வுரிமையைப் பிறருக்கு மாற்றித்தரக் கையொப்பமிட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்நாட்டிற்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் பொருள்கொள்ளும். முழு உரிமையையும் தருவது தவறன்று. தருகிறோம் என்று தெரிந்து தர வேண்டும். அதற்கேற்ற ஊதியமும் கேட்க வேண்டும்.

ஊதியம் தாமதமாவது இத்தொழிலின் பெருங்குறை. அதற்கும் ஒரு வழி உண்டு. மொழிபெயர்ப்பு போன்ற சேவைத் தொழில் செய்வோரும் அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகக் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம். அவ்வாறு பதிந்த குறு, சிறு தொழில்களுக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் வாங்குபவர் பணம் செலுத்த வேண்டும். தவறினால் வட்டியும் உண்டு. நம் நாட்டு நிறுவனங்கள் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினால் திகைக்க வேண்டா. ஆண்டுதோறும் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்வோர், தம் வரிப்பொறுப்புக்கு மேல் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். இப்பணிக்கெனத் தனி வங்கிக்கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டால் எல்லாம் எளிதாகும்.

"இயந்திரமே மொழிபெயர்க்கும் காலத்தில் நமக்கு என்ன வேலை?" எனத் தம்பிமார் கேட்பது எனக்குக் கேட்கிறது. கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவையில் 2011ஆம் ஆண்டே தமிழ் சேர்ந்துவிட்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அதனினும் பன்மடங்கு தேர்ந்தவை. பொருள் விளக்கம், எளிய அறிவிப்பு போன்ற சிறுபணிகள் பல குறைந்துவிட்டன. இயந்திரம் எழுதியதைத் திருத்தித் தரும் பணி பெருகியுள்ளது. அதற்கு ஊதியம் குறைவு. இதை மறைத்து உங்களுக்கு ஆசைகாட்ட நான் விரும்பவில்லை. ஆயினும் "இது சரி" என்று பொறுப்பேற்றுக் கையொப்பமிட ஒரு மனிதர் இன்னும் தேவைப்படுகிறார். அந்தப் பொறுப்பைத்தான் நாம் விற்கிறோம். வாங்குபவர் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்றால் பயன்படுத்தக் கூடாது. அனுமதித்தால், பயன்படுத்தினேன் என்று சொல்ல வேண்டும். வெளிவராத ஆவணத்தை அவர் இசைவின்றி எந்தப் பொதுக் கருவியிலும் இடக் கூடாது.

மூன்றாவது, காலமறிதல். கெடு என்ற சொல்லுக்கு நம் மொழியில் தவணை என்பதும் பொருள். அழிவு என்பதும் பொருள். இரண்டும் எவ்வளவு அருகருகே உள்ளன என்பதை நான் ஒரு நாளில் அறிந்தேன்.

மருத்துவ முகாம் ஒன்றிற்கான கையேட்டைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தது. ஏழு நாள்கள் கேட்டேன். என் உண்மையான வேகத்திற்கு அது பதினோரு நாள் வேலை. ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்ற அச்சம். மூன்றாம் நாளே முடியாது என்பது தெரிந்துவிட்டது. ஆயினும் வாய் திறக்கவில்லை. இரவெல்லாம் விழித்து எழுதினேன். ஏழாம் நாள் காலை கேட்டபோது, மாலையில் தந்துவிடுவேன் என்றேன். மாலையில் கேட்டபோது, ஊரில் மின்தடை என்று பொய் சொன்னேன். மறுநாள், திருத்திப் பார்க்காமலேயே அனுப்பிவைத்தேன்.

அதில் ஒரு பக்கத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொள்ள வேண்டிய மாத்திரையை "ஒவ்வொரு நாளும்" உட்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

அச்சுக்குப் போகுமுன் அங்கிருந்த மருத்துவர் ஒருவர் கண்டு திருத்திவிட்டார். எவருக்கும் தீங்கு நேரவில்லை. பணியை ஒருங்கிணைத்த அம்மையார் என்னை அழைத்தார். அவர் சினந்து பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "அம்மா, மின்தடை மாலையில்தானே வந்தது? முடியாது என்பது உங்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்குமே. அப்போதே சொல்லியிருந்தால் பாதியை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுத்திருப்போம். எங்களுக்கு வேண்டியிருந்தது உங்கள் நேர்மையான ஒரு வரிதான்" என்றார். ஊதியத்தை முழுமையாக அனுப்பினார். அதன்பின் அழைக்கவே இல்லை.

அவையோரே, காலக்கெடு என்பது கடிகாரத்தைச் சார்ந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது வாக்கைச் சார்ந்தது. நம் பக்கத்தை எதிர்பார்த்துத் திருத்துநர் காத்திருக்கிறார். அவருக்குப் பின் வடிவமைப்பாளர். அவருக்குப் பின் அச்சகத்தார். எல்லோருக்கும் பின்னால், அந்தத் தாளைக் கையில் வாங்கி மாத்திரையைப் பிரிக்கப் போகும் ஒரு முதியவர். நாம் எடுத்துக்கொள்ளும் கூடுதல் நாள் அவர்களுள் ஒருவரிடமிருந்து எடுக்கப்படுகிறது.

அன்றுதொட்டு நான் கைக்கொண்டுவரும் முறைகளைச் சொல்கிறேன். முதலில் கணக்கு. முன்னர்ச் சொன்ன 3,000 சொற்களுக்கு 16 மணி நேரம். வீட்டுக் கடமைகள் போக நாளொன்றுக்கு எனக்கு வாய்ப்பது இரண்டு மணி. ஆக எட்டு நாள். நான் பத்து நாள் கேட்பேன். அவ்விரு நாள்கள் சோம்பலுக்கல்ல. காய்ச்சலுக்கும் விருந்தினருக்கும் இணையத் தடைக்கும் உரியவை. நாள் குறிக்குமுன் நாட்காட்டியில் பண்டிகை, பிள்ளைகளின் தேர்வு, உறவினர் வீட்டுத் திருமணம் ஆகியவற்றை முதலில் குறித்துவிடுவேன். அவையெல்லாம் எதிர்பாராமல் வருவன அல்ல. நாம்தான் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதல் நாளிலேயே முழுதும் படித்துவிடுவேன். விளங்காத இடங்களைத் தொகுத்து அன்றே கேட்டுவிடுவேன். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணப் பெரியோரிடம் சென்று பொருள் கேட்டறிந்தார். அத்தகைய புலவரே கேட்டறிந்தார் என்றால் நாம் கேட்பதில் என்ன இழுக்கு? கடைசி நாளில் கேட்கும் ஐயம் சாக்காகத் தோன்றும். முதல் நாளில் கேட்கும் ஐயம் அக்கறையாகத் தோன்றும்.

எழுதி முடித்ததற்கும் திருத்துவதற்கும் இடையே ஓர் இரவேனும் கடக்கட்டும். திருத்தும்போது வாய்விட்டுப் படியுங்கள். கண் தாண்டிச் செல்லும் பிழையில் நாக்கு இடறும். எண்கள், நாள்கள், பெயர்கள், அளவுகள் ஆகியவற்றை மட்டும் மூலத்தோடு தனியே ஒப்பிடுங்கள். மாத்திரைப் பிழையை அந்தக் கால்மணி நேரம் தடுத்திருக்கும்.

அயல்நாட்டுப் பணியாயின் எந்த ஊர்ப் பொழுது எனக் கேளுங்கள். நியூயார்க்கில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி என்பது, அவர்களின் குளிர்காலத்தில் நமக்குச் சனிக்கிழமை அதிகாலை மூன்றரை, கோடையில் இரண்டரை. ஒப்படைத்தபின், பெற்றுக்கொண்டமைக்கு மறுமொழி வரும்வரை பணி முடிந்ததாகக் கருதாதீர்கள்.

இதற்கு ஒரு வரலாற்றுச் சான்றும் உண்டு. உருசிய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி, கடன் தொல்லையால் ஒரு பதிப்பாளரிடம் கொடிய ஒப்பந்தம் செய்திருந்தார். 1866 நவம்பர் முதல் நாளுக்குள் புதிய நாவலைத் தராவிட்டால், ஒன்பதாண்டுகள் அவருடைய எழுத்துகளை ஊதியமின்றியே வெளியிடும் உரிமை அப்பதிப்பாளருக்குப் போய்விடும். அக்டோபர் தொடக்கம் வரை ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. சுருக்கெழுத்து பயின்ற அன்னா என்னும் இளம்பெண்ணை அமர்த்தி, நாள்தோறும் சொல்லச் சொல்ல அவர் எழுதி, 26 நாளில் ‘சூதாடி’ என்ற நாவல் முடிந்தது. ஒப்படைக்கச் சென்றால் பதிப்பாளர் ஊரில் இல்லை. அலுவலகத்தில் இருந்தவரும் வாங்க மறுத்தார். தஸ்தயேவ்ஸ்கி கையெழுத்துப் படியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, நாள் குறித்த இரசீதைப் பெற்றுக்கொண்டு தம் உரிமையைக் காத்தார். அடுத்த ஆண்டு அன்னாவையே மணந்தார்.

இக்கதையைக் கேட்டு, கடைசி நேரத்திலும் முடிக்கலாம் என்று இளைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. அவர் தஸ்தயேவ்ஸ்கி, அவருக்கும் இருவர் உழைப்பு தேவைப்பட்டது. நாம் கற்க வேண்டியவை வேறு. கையொப்பமிடுமுன் தண்டனைப் பகுதியைப் படிக்க வேண்டும். தனியே இயலாதபோது துணை தேட வேண்டும். ஒப்படைத்ததற்குச் சான்று வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் மேலான முறை ஒன்றுண்டு. இயலாது என்று தெரிந்த கணத்திலேயே சொல்லிவிடுங்கள். பாதிக்காலம் கடக்கும்போது பாதிப்பணி முடியவில்லையெனில் அன்றே எழுதுங்கள். எவ்வளவு முடிந்தது, எஞ்சியது எந்நாளில் வரும், முடிந்த பகுதியை இப்போதே அனுப்பட்டுமா என்ற மூன்று வரிகள் போதும். காரணத்தை நீட்ட வேண்டா. பொய்க்காரணம் அறவே வேண்டா. பணியை மறுப்பதும் ஒரு திறனே. நான் அன்று "பதினோரு நாள் வேண்டும்" என்று சொல்லியிருந்தால் ஒரு பணியை இழந்திருப்பேன். சொல்லாததால் ஒரு தொடர்பையே இழந்தேன்.

இங்கே குடும்பத்தாரிடமும் ஒரு விண்ணப்பம். வீட்டிலிருந்து பணிபுரியும் பெண்ணிடம் "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று சொல்லாதீர்கள். அவள் கணினியின் முன் அமரும் இரண்டு மணி நேரமும் அலுவலக நேரமே. அடுப்பில் இருப்பதை வேறொருவர் இறக்கி வைக்கலாம்; வாசலில் வந்தவரை வேறொருவர் வரவேற்கலாம். என் வீட்டில் பேச்சே குறைந்துபோன என் மாமனார்தான் இதை முதலில் உணர்ந்தார். நான் எழுத அமர்ந்தால், தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கும்படி பேரப்பிள்ளைக்குக் கைகாட்டுவார். அந்தக் கை அசைவு எனக்குப் பெரும் துணையாயிருந்தது.

அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மையாருக்கு, சில மாதங்கள் கழித்து ஒரு மடல் எழுதினேன். மின்தடை என்றது பொய், முடியாது என்பது மூன்றாம் நாளே தெரியும், அச்சத்தால் மறைத்தேன், மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். "சொன்னதற்கு நன்றி" என்று மறுமொழி வந்தது. பணி வரவில்லை. வரவேண்டும் என்பதற்காக எழுதியதும் அன்று. அடுத்து என்னை நம்புகிறவருக்கு உண்மையைச் சொல்லும் பழக்கத்தை எங்கிருந்தாவது தொடங்க வேண்டியிருந்தது.

இளையோரே, உங்களிடம் நான் கேட்பது சிறியதே. இன்று வீடு திரும்பியதும் ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வரையுங்கள். பத்து நாள்கள் உங்கள் வேகத்தை அளந்து எழுதுங்கள். அந்த எண் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் நாணாதீர்கள். அதை வைத்துக்கொண்டு ஒருவரிடம் ஒரு நாளைச் சொல்லுங்கள். சொன்ன நாளில் கொடுங்கள்.